வெளிச்ச வேகத்தில் போன அத்தை மகள்

நம் வயதில் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். முட்டி வலி, சர்க்கரை, மருமகளோடு மனஸ்தாபம், வாங்கிப் போட்ட மனையில் தண்ணீர் நிற்பது எல்லாவற்றையும் காலை நடையில் சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறோம். பொறாமையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது சின்ன வயதோடு போய்விட்டது என்று ஒரு பாவனை. எனக்குப் போகவில்லை. அறுபத்து நான்கு வயதில், நாவலூரில் எட்டாவது மாடி பால்கனியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது ஒருத்தியை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அவள் என் அத்தை மகள். எங்கள் இருவருக்கும் பதின்மூன்று வயதாக இருந்தபோது தொடங்கிய எரிச்சல் அது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவளுக்கு இங்கே பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

“அம்மா, நீங்க பிசிக்ஸ் டீச்சர்தானே, இதப் பாருங்க. லைட் ஸ்பீடுக்குப் பக்கத்துல போற வண்டிலேர்ந்து வெளிய பாத்தா எப்படி இருக்கும்னு பண்ணிருக்காங்க.”

பார்த்தேன். முதலில் வண்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் நட்சத்திரங்கள். வேகம் ஏற ஏற, சினிமாவில் வருகிற மாதிரி அவை இரண்டு பக்கமும் கோடு கோடாகப் பின்னால் ஓடவில்லை. பக்கவாட்டில் இருந்தவை மெல்ல முன்பக்கம் நகர்ந்தன. முதுகுக்குப் பின்னால் இருந்தவைகூடச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தன. கடைசியில் எல்லாம் எதிரே ஒரு தட்டளவுக்குள் கூடி நீலமாக ஜொலித்தன. பின்பக்கம் மிஞ்சிய ஒன்றிரண்டு மங்கிச் சிவந்து அணைந்தன. அதன்பிறகு பக்கத்திலும் பின்னாலும் வெறும் இருட்டு.

“செம இல்ல? நான் கோடு கோடா ஓடும்னு நெனச்சேன்” என்றாள் மருமகள்.

“எனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போதே தெரியும்.”

“அப்பவே புக்ல போட்டிருந்தாங்களா?”

புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது. அத்தை மகள் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னாள். இதை மருமகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபி ஆறிப்போச்சு என்று சொல்லி உள்ளே எழுந்து போய்விட்டேன்.

என்னோடு தாம்பரத்தில் எட்டாம் வகுப்பு படித்தவர்களே, இதைப் படித்தால் அவளை உங்களுக்கு ஞாபகம் வரும். இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் அவிழ்ந்து தொங்கும். முடிச்சூரிலிருந்து வருவாள். அப்போது முடிச்சூர் முழுக்க வயல். மழை பிடித்தால் ஏரி வழிந்து ரோட்டை மூடிவிடும், பஸ் நின்றுவிடும். அந்த வருஷம் தீபாவளி கழிந்த மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை. ஒரு சாயங்காலம் அத்தை அவளை முழங்கால் வரை சேறோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். “தண்ணி வடியற வரைக்கும் இங்கயே இருந்து இஸ்கோலுக்குப் போவட்டும்ணா” என்று அப்பாவிடம் சொன்னாள். மகள் கையில் ஒரு ரெக்ஸின் பையும், மழையில் நனையாமல் பாவாடையில் சுற்றிய ஒரு புத்தகமும் இருந்தன.

எங்கள் வீடு ரயில்வே குவார்ட்டர்ஸ். தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவில், லெவல் கிராசிங் கேட்டை ஒட்டி இருந்தது. அப்பா மின்சார ரயில் ஓட்டுபவர். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நாள் முழுக்கப் போய் வருவார். கேட் நெருங்கும்போது சட்டப்படி நீளமாக ஒரு ஹாரன் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் எங்களுக்காகக் குட்டியாக இன்னொன்று கொடுப்பார். கடைசி டிரிப்பில் அந்தக் குட்டி ஹாரன் கேட்டதும் அம்மா உலை வைப்பாள். அப்பா தாம்பரத்தில் வண்டியை விட்டு, கையெழுத்துப் போட்டு, நடந்து வீடு வந்து சேர்வதற்குள் சோறு வடித்திருக்கும். நான் வாசலில் நிற்பேன். அந்தக் குட்டி ஹாரன் எனக்கானது என்றே நினைத்திருந்தேன்.

அப்பா அதிகம் பேசமாட்டார். நாள் முழுக்கத் தனியாக ஒரு அடைசலான இடத்தில் உட்கார்ந்து, கையிலிருக்கும் பிடியை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வர வேண்டும். பிடி விட்டால் வண்டி நின்றுவிடும். அந்தப் பழக்கம் வீட்டிலும் இருந்தது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவருடைய இடது கை மூடியே இருக்கும். அந்தக் கையைப் பிரித்து என் கையை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் எனக்கு அவரிடம் பயம். அவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன்.

அவள் வந்த முதல் நாளே ‘நீ’ என்றாள்.

“மாமா, நீ முன்னாடி குந்திகினு போறியே, உனக்கு இன்னா தெரியும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா அதட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சோற்றுக் கையை நிறுத்திவிட்டு யோசித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் கேட்டதில்லை, அம்மா கேட்டதில்லை.

“தண்டவாளம் தெரியும். சிக்னல் தெரியும்.”

“மழை பெய்யச்சே?”

“மழையா? ஸ்டேஷன்ல நிக்கறப்போ மேலேர்ந்து நேரா விழும். வண்டி கெளம்பினா சாஞ்சு வரும். வேகம் ஏற ஏற, மேலேர்ந்து வர்ற மாதிரியே இருக்காது. பீச் ஸ்டேஷன்ல எவனோ நின்னுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா வீசற மாதிரி இருக்கும்.”

“பின்னாடி கார்டு பெட்டியில?”

அப்பா சிரித்தார். “அவனுக்கென்ன, ராஜா. அவன் கண்ணாடி காஞ்சு கெடக்கும்.”

அவள் சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். கிளை நூலகத்துப் புத்தகம். அட்டை இல்லை, பேர் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பற்றியது. நடுவே ஒரு பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: வெளிச்சத்தின் வேகத்துக்கு மிக அருகே ஒருவர் பயணம் செய்தால் அவர் என்ன காண்பார்? அதற்கடுத்த நான்கு பக்கங்களை யாரோ சுண்டலுக்கோ எதற்கோ கிழித்திருந்தார்கள். அவள் இரண்டு மாதமாக அந்தக் கேள்வியோடு திரிந்துகொண்டிருந்தாளாம்.

“நட்சத்திரத்தோட வெளிச்சமும் மழை மாரி வுழுதுன்னு வெச்சிக்க மாமா. வெளிச்ச வேகத்துல ஒரு ரயிலு போச்சுன்னா, அல்லாமே உன் கண்ணாடிக்குத்தான் வரும். கார்டுக்கு ஒண்ணும் வராது. அவன் இருட்டுல குந்திகினு இருப்பான்.”

அப்பா தட்டிலிருந்த பருக்கைகளை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பார்த்தார். “அட ஆமாம்ல” என்றார். பதின்மூன்று வருஷத்தில் அப்பா என்னைப் பார்த்து ஒரு தடவைகூட ‘அட ஆமாம்ல’ என்று சொன்னதில்லை. அந்தச் சோற்றையும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பையும் அன்றைக்குத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

அதன்பிறகு தினமும் இதே கதைதான். அப்பா நனைந்த யூனிபார்மைக் கழற்றிக் கயிற்றில் போடுவதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள். வீடு முழுக்க ஈரத்துணி வாடையும் மண்ணெண்ணெய் ஸ்டவ் வாடையும். நடுவில் அவர்கள் இருவரும் வெளிச்ச ரயிலை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கு என்ன தெரியும், வண்டி கிளம்பும்போது எதிரே இருப்பது கிட்ட வருமா தூரப் போகுமா என்று ஓயாத பேச்சு. நான் வீட்டுப் பாடம் எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். எனக்கும் கேள்விகள் தோன்றும். கேட்டால் அவள் பின்னால் போகிறவள் ஆகிவிடுவேன் என்று வாயைத் திறக்கமாட்டேன்.

பள்ளிக்கு எங்களுக்கு ஒரே குடை. அப்பாவின் பெரிய கறுப்புக் குடை. என்னிடம் ஒரு நாளும் கொடுக்காத அதை, அவள் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். மழை நேராகப் பெய்யும் நாளில் அவள் என்னை நடக்க விடமாட்டாள்.

“ஓடுடி. கொடைய முன்னாடி சாய்க்கிறேன் பாரு. இன்னும் வேகமா ஓடு. இன்னும் சாய்க்கணும் பாரு!”

ஓடினால் முதுகு நனையவில்லை. முகம்தான் நனைந்தது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் மூச்சிரைத்துக்கொண்டு நின்றோம். அவளுக்குச் சிரிப்பு. எனக்குப் பாவாடைக் கரையெல்லாம் சேறு என்று கோபம். உண்மையில் கோபம் அதற்கில்லை. ஓடியது இருவரும், புரிந்தது அவளுக்கு மட்டும்.

சயின்ஸ் மிஸ் அவளை பெஞ்சு மேல் ஏற்றியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளிச்சத்தைப் பற்றிய பாடத்தில் அவள் எழுந்து, ரொம்ப வேகமாகப் போனால் பின்னால் இருக்கிற நட்சத்திரமும் முன்னால் தெரியும் என்றாள். மிஸ் சிரித்தார். “முதுகுல கண்ணு வச்சிருக்கியா?” என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பிறகு நானும் அதே வேலைக்குப் போய், எதிரே நின்ற பிள்ளைகளின் இப்படிப்பட்ட கேள்விகளைப் பார்த்துத் திகைத்து நின்ற பிறகுதான், அந்த மிஸ்ஸுக்குப் பதில் தெரியாது என்பதே எனக்கு உறைத்தது.

அப்பாவிடம் மூன்று கலர் டார்ச் ஒன்று இருந்தது. தலையைத் திருகினால் வெள்ளை, சிவப்பு, பச்சை வரும். ஆபத்து நேரத்தில் எதிரே வரும் வண்டிக்குக் காட்ட வேண்டியது. அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதைத் தொட அனுமதி இல்லை. மார்கழிப் பிறப்பன்று சாயங்காலம் நான் டியூஷன் முடிந்து வந்தபோது, அது அவள் கையில் இருந்தது. வராந்தாவில் நின்றுகொண்டு முன்னால் பச்சை, பின்னால் சிவப்பு என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டியோட ஹாரன் வரச்சே கீச்சுன்னு கீது மாமா. கேட்டைத் தாண்டிச்சோ, உடனே தொங்கிப் போவுது.”

“பதினெட்டு வருஷமா அந்த ஹாரனைக் குடுக்கறவன் நான். ஒரே சத்தம்தான்.”

“நீ அது கூடவே போறே. உனக்கு எப்டி மாறும்? கீழ நிக்கறவங்களுக்குத்தான் மாறும். வெளிச்சமும் அலைதான்னு புக்குல கீது. சத்தம் மாறுச்சின்னா வெளிச்சமும் மாறணும்ல. எதிர்ல கீற நட்சத்திரம் நீலமா வரும், பின்னாடி கீறது சேப்பாப் பூடும். இந்த டார்ச்சுல நீலம் இல்ல, அதான் பச்ச அடிக்கிறேன்.”

எது நீலமாகும், எது சிவப்பாகும் என்பதைக்கூடக் கிழியாத பக்கத்தில் இருந்த அலைப் படத்தை வைத்துத்தான் சொன்னாள். மற்றதெல்லாம் அவளுடையது.

மறுநாள் பள்ளி விட்டதும் நான் தனியாக ஓடிப்போய்க் கேட் பக்கத்தில் நின்றேன். அவள் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அப்பாவின் வண்டி வந்தது. ஹாரன் உயரத்தில் கீச்சிட்டுக்கொண்டே வந்து, என்னைக் கடந்த நொடியில் சட்டென்று கீழே இறங்கிற்று. பிறந்ததிலிருந்து நான் கேட்ட ஹாரன். எனக்கென்று நான் நினைத்திருந்த ஹாரன். அதில் இருந்ததை ஆறு வாரம் முன்னால் வந்தவள் கேட்டுவிட்டாள். அதன்பிறகு எந்த வண்டி போனாலும் அந்த இறக்கத்தைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மார்கழி முடிவில் தண்ணீர் வடிந்தது. பஸ் ஓட ஆரம்பித்தது. இனி அவள் போய்விடுவாள் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சமையலறையில் அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்ததை, தண்ணீர் எடுக்கப் போனவள் கேட்டேன்.

“பாப்பாவை எட்டாவதோட நிறுத்தப் போறாராம் மாப்ள. பொங்கலுக்கு வர்றப்போ பேசிப் பாக்கறேன். இங்கயே இருந்து பத்தாவது முடிக்கட்டும். அதுக்கப்புறமும் நானே படிக்க வைக்கறேன்.”

“நமக்கே ஒண்ணு இருக்குதே” என்றாள் அம்மா.

“நம்ம பொண்ணு எப்படியும் கரையேறிடும். அதுக்குத்தான் வேற யாரும் இல்ல.”

இப்போது இதை எழுதும்போது அந்த வாக்கியத்தில் அப்பாவுக்கு என் மேல் இருந்த நம்பிக்கை தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அதில் கேட்டது ஒன்றுதான்: அப்பா அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவளை ‘பாப்பா’ என்று வேறு சொன்னார். தண்ணீர் எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

காணும் பொங்கலன்று அத்தையும் மாமாவும் வந்தார்கள். புது அரிசி ஒரு மூட்டை, ஒரு பூசணிக்காய், கரும்பு. மாமா நல்ல மனுஷர், உழைப்பாளி. படிப்பு என்றால் மட்டும் சந்தேகம். சாப்பிட்டு முடித்து, நான்கு மணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தபோது அப்பா பேச்சை எடுத்தார்.

“மாப்ள, பாப்பா இங்கயே இருக்கட்டும். படிப்பு செலவெல்லாம் என்னோடது.”

“எட்டு பட்ச்சிடுச்சில்ல மச்சான், அது போதும். நாத்து நடற நேரத்துலகூட பொஸ்தகமும் கையுமா குந்திகினு கீது. அதுல அப்டி இன்னாதான் கீது?”

“நீங்களே கேளுங்களேன்.”

அவள் எழுந்து நின்றாள். டார்ச்சை எடுத்துக்கொண்டாள். மழையிலிருந்து ஆரம்பித்து, கார்டு கண்ணாடி, குடை, நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஹாரனில் வந்து நின்றாள். அவள் படிப்பு முழுக்க அந்த ஐந்து நிமிஷத்தில் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அத்தை வாயைத் திறந்தபடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாகூடக் கரும்பை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“ஹாரன் மாறுதா? இன்னா மச்சான், நீதான அதை அடிக்கறே. மாறுதா?”

“உள்ள இருக்கறவனுக்கு மாறாது மாப்ள” என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. துருப்புச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரின் சிரிப்பு. “வெளிய இருந்து கேக்கறவங்களைக் கேளுங்க.”

அம்மாவைக் கேட்டார்கள். “நான் எங்க கேட்டேன்? ஹாரன் வந்தா உலை வைக்க ஓடவே சரியா இருக்கு” என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். “இவ சொல்லுவா. தினம் வாசல்ல நிக்கறவ. சொல்லும்மா, மாறுதா இல்லையா?”

அப்பா முதன்முதலாக என்னிடம் ஒரு அபிப்பிராயம் கேட்டார். அதுவும் அவளுக்காக.

“இல்லப்பா. ஒரே மாதிரிதான் இருக்கு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. புரியாமல் பார்த்தாள். “அடுத்த வண்டி இதோ வந்துடும்பா, அல்லாரும் கேட்டுக்கு வந்து கேளுங்க” என்று மாமாவிடம் கெஞ்சினாள்.

“பஸ்ஸு பூடும்” என்று மாமா எழுந்துவிட்டார். “பாத்தியா மச்சான்? இல்லாததைக் கீதுன்னு சொல்லுது. இதுக்கு மேல பட்ச்சா நமக்குத்தான் பேஜாரு.”

அத்தை மட்டும் என் பக்கத்தில் வந்து, என் மோவாயைத் தொட்டு, “நல்லா கேட்டுப் பாத்தியா கண்ணு?” என்றாள். எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. நான் தலையாட்டினேன்.

அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். பிறகு, “சரி, விடுங்க” என்றார். அவள் டார்ச்சைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

முழுப் பரீட்சை வரை முடிச்சூரிலிருந்து வந்து போனாள். வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். எட்டாவதோடு நின்றாள். வீட்டில் அந்தப் புத்தகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து அப்பா நான் கேட்காமலே டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை மூன்று நாள் அடித்துப் பார்த்தேன். யாரும் படியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. பாட்டரி தீர்ந்ததும் எங்கேயோ போட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரம் மறுபடி பழைய மாதிரி சத்தமில்லாமல் போயிற்று. குட்டி ஹாரன் மட்டும் அப்பா ரிட்டையர் ஆகும் வரை நிற்கவில்லை.

நான் பிசிக்ஸ் படித்தேன். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். சத்தம் தரும் பொருள் நெருங்கும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும் என்று வருஷா வருஷம் ஒரு நாள் நடத்த வேண்டியிருக்கும். பாடப் புத்தகத்திலேயே ரயில் ஹாரன்தான் உதாரணம். நான் ஆம்புலன்ஸ் என்று மாற்றிச் சொல்வேன். நல்ல டீச்சர் என்று பேர் வாங்கினேன். வகுப்பில் யாராவது கொஞ்சம் அதிகமாகக் கேட்டால், அவளாயிருந்தால் இந்நேரம் பதில் சொல்லியிருப்பாள் என்று தோன்றும். அப்போதும் எனக்கு எரிச்சல்தான் வரும், வருத்தம் வராது. அப்பா இறந்தபோது அவள் வந்து காலடியில் உட்கார்ந்து அழுதாள். மகள் அழுததைவிட அவள் அழுதது அதிகம் என்று யாரோ சொன்னார்கள். அந்த நாளிலும் நான் அதை மனசில் குறித்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்டவள் நான் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

போனில் அந்த வீடியோவைப் பார்த்த மறுவாரம் முடிச்சூருக்குப் போனேன். அங்கே இப்போது வயல் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் மனையும் அபார்ட்மெண்டும். அவள் மாவு மில் வைத்திருக்கிறாள். வெள்ளத்தில் மெஷின் மூழ்கி, அதைத் தானே பிரித்துப் போட்டுத் துடைத்து மறுபடி ஓட்டியவள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். புருவம், இமை எல்லாம் மாவு.

“வாடி டீச்சரு. வெயில்ல ஏன் வந்தே?”

போனை நீட்டினேன். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் வரும், கண் கலங்கும் என்றெல்லாம் நான் ஆட்டோவில் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தேன். தெரிந்த தெருவைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“ஆமா. இப்டித்தான் இருக்கும்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு ஹாரன் மாறலன்னு சொன்னேன்ல. எனக்கு நல்லாக் கேட்டுச்சுடி. மாறினது கேட்டுச்சு.”

“தெரியுமே.”

“தெரியுமா? எப்படி?”

“மாமா சொல்லுச்சு. பொங்கலு முடிஞ்ச வாரமே சைக்கிள்ல வந்துச்சு. வயக்காட்டு வரப்புலதான் குந்திகினு பேசிச்சு. நான் டார்ச்சு அடிச்சுக் காட்டினேன்ல, அதுக்கு அடுத்த ரெஸ்ட் நாள்லயே அது கேட்டுல நின்னு மூணு வண்டிக்கு ஹாரன் கேட்டுப் பாத்துச்சாம். மாறுதுன்னு அதுக்கு அப்பவே தெரியும். எங்கப்பன் முன்னாடி நீ சொன்னா நல்லாருக்கும்னுதான் உன்னைக் கேட்டுச்சாம்.”

“அப்போ அப்பா ஏன் சொல்லல?”

அவள் கல்லில் சிந்தியிருந்த மாவை விரலால் வழித்துத் தட்டில் போட்டாள்.

“அல்லார் முன்னாடியும் எம் பொண்ணு பொய்க்காரி ஆயிடுவாளேன்னு, உன்னைப் பொய்க்காரி ஆக்கிட்டேன் பாப்பான்னு சொல்லிச்சு. கைய புட்ச்சிகினு அழுதுச்சு. எங்கப்பன்கிட்ட அப்பால தனியா கேட்டும் பாத்துச்சு. அவரு அசையல. உங்கிட்ட ஒருநாளும் கேக்கக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. அதான் நானும் கேக்கல.”

எப்போதும் மூடியே இருக்கும் அந்த இடது கையாலா பிடித்துக்கொண்டு அழுதார் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளுக்கு வர வேண்டிய படிப்பை என்னுடைய ஒரு சொல்லும் அப்பாவின் மௌனமும் சேர்ந்து எடுத்துக்கொண்டன. அப்பா என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார், எல்லோர் எதிரிலும், அவருக்குத் தெரிந்த உண்மையை விட்டுவிட்டு. ஐம்பத்தொரு வருஷம் நான் தவறாக நினைத்து வெந்திருக்கிறேன். இந்த இடத்தில் ஒரு மனுஷி செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் காலைத் தொடாவிட்டாலும், மன்னித்துக்கொள் என்ற வார்த்தையையாவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

“அதுக்கப்புறம் அப்பா உங்க வீட்டுக்கு எத்தனை தரம் வந்தாரு?” என்று கேட்டேன்.

ரெஸ்ட் நாட்களில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு யூனியன் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதுபோல, மாவு படிந்த கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்து எண்ணத் தொடங்கினாள். உதடு மட்டும் அசைந்தது. ஒரு விரல் முடிந்து அடுத்த விரலுக்குப் போனாள். நான்கு விரலும் முடிந்ததும், அடுத்த கையை விரித்தாள்.